இடக்கரடக்கல்

என் நண்பர் ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைத் ‘தமிழையா’ என்றுதான் அழைப்பார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அது அவர் இடக்கரடக்கல் நடத்துகிற நாள்.

சபையில் சொல்லக் கூசுகிற ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தேன்’ என்பது இலக்கண ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உதாரணம். ஒரு பையன் எழுந்து, “ஏன் ஐயா, கை கழுவி வந்தேன் என்று சொன்னால் ஆகாதா?” என்று கேட்டானாம். “தாராளமாகச் சொல்லு. கேட்டவன் உனக்கு இலை போட்டுச் சோறு பரிமாற ஆரம்பித்துவிடுவான்” என்றாராம் இவர். இதை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சிரிப்பார்.

நமது பாஷை இந்த விஷயத்தில் மிகவும் நாகரிகமானது. வெளிக்குப் போனான் என்போம்; கொல்லைக்குப் போனான் என்போம்; ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று கணக்கில் சொல்வோம். காலைக்கடன் என்ற சொல்லைப் பாருங்கள். அந்தக் காரியத்தை ஒரு கடமையாகவே உயர்த்திவிட்ட சொல் அது. இந்த மறைப்பை நான் குறை சொல்ல வரவில்லை. நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்திருப்பதற்குத்தானே பண்பு என்று பெயர்? ஆனால், சபைக்கென்று வகுத்த இந்த விதி எதுவரைக்கும் செல்லும்? வைத்தியர் முன்னாலும் செல்லுமா? பெண்டாட்டியிடம் செல்லுமா? ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போதும் செல்லுமா? சில வருஷங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி இது.

தமிழையாவுக்கு நாற்பத்தேழாவது வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது.

இந்த ஒரு வாக்கியத்தை நான் இங்கே எழுதிவிட்டேன். அவர் பதினான்கு மாதம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. தினந்தோறும் சாயங்காலம் ஒன்றாக நடக்கப் போகிற என்னிடமும் சொல்லவில்லை. முதலில் உஷ்ணம் என்று நினைத்து இளநீரும் மோரும் குடித்தார். எண்ணெய் தேய்த்து முழுகினார். பிறகு மூலம் என்று தீர்மானித்துக்கொண்டார். வீட்டில் கருணைக்கிழங்கு அடிக்கடி சமையலாயிற்று. துத்தி இலையை எங்கிருந்தோ பறித்து வந்தார். “என்ன, திடீரென்று இயற்கை வைத்தியத்தில் இறங்கிவிட்டீர்கள்?” என்று கேட்டேன். “வயசாகிறதல்லவா?” என்றார்.

அவர் ஏன் மூலம் என்று தீர்மானித்தார் என்பதைப் பின்னால் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஊரறியப் பெயர் சொல்லக்கூடிய ஒரே அந்தரங்க நோய் அது. வேறு பெயர் அவர் கண்ணில் படவில்லை. மனிதன் தன் நோய்க்குத் தனக்குத் தெரிந்த பெயரைத்தானே வைப்பான்? பெயர் வைத்தாகிவிட்டால் பயம் பாதி போய்விடுகிறது. பயம் போனபின் வைத்தியரிடம் போகிற அவசியமும் போய்விடுகிறது.

பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தபிறகுதான் ஒரு டாக்டரிடம் போனார். ரத்தம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். “மோஷன் எல்லாம் எப்படி?” என்று கேட்டிருக்கிறார். அந்த இங்கிலீஷ் வார்த்தையும் ஓர் இடக்கரடக்கல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழில் இருக்கிற மறைப்புகள் போதாதென்று இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். “பரவாயில்லை” என்றார் நம் தமிழையா. இரும்புச்சத்து மாத்திரையோடு இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருந்தது. அது அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது.

எட்டு மாதம் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, எனக்கு ஒரு வாக்குக் கொடு. இது என்ன வியாதி என்று வெளியிலே தெரிய வேண்டாம். குடல்புண் என்று சொல்லிவிடுங்கள். என் தம்பிக்குக்கூடத் தெரிய வேண்டாம். நாலு பேர் என்னை நினைக்கும்போது அந்த இடத்தை நினைக்கக்கூடாது” என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். அவர் மனைவியும் கொடுத்தார். மூன்று வருஷங்களுக்கு முன், நாற்பத்தொன்பதாவது வயதில், அவர் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று பத்திரிகையில் போட்டோம். செத்தார் என்று சொல்லாமல் இப்படிச் சொல்வதற்கு மங்கலம் என்று பெயர். இலக்கணத்தில் இடக்கரடக்கலுக்கு அடுத்த பாடம் அதுதான்.

அவர் போனபிறகு அந்த நோயைப் பற்றிப் படித்தேன். நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். விஞ்ஞானம் எனக்குத் தூரம். ஆனாலும் படிக்கப் படிக்க என் துக்கம் ஒருவகைக் கோபமாக மாறிற்று.

மாரடைப்பு நம்மிடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பாம்புக்கடி அவகாசம் தருவதில்லை. இந்த நோய் அப்படியல்ல. பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் பாலிப் என்கிற சிறு முளையாகத் தொடங்குகிறது. எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆகிறவையும் சாதாரணமாகப் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பத்து வருஷத்தில் எந்த நாளில் பார்த்தாலும் முளையைக் கிள்ளி எறிந்துவிடலாம், நோயே வராது. முளை நோயாகிவிட்ட பிறகும், குடலைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இவ்வளவு பொறுமையான சத்துரு மனிதனுக்கு வேறு உண்டா என்று தெரியவில்லை. அப்படியிருந்தும் 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 19 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் இதனால் மாண்டார்கள்.

கண்டுபிடிக்கிற வழியும் பெரிய மாயமில்லை. முளைகளும் கட்டிகளும் அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். மேற்கிந்தியத் தீவுகளில் குவாயக்கம் என்று ஒரு மரம்; அதன் கட்டைக்கு லத்தீன் பாஷையில் ‘உயிர் மரம்’ என்று பெயர். அதன் பிசின் தடவிய காகிதத்தில் கொஞ்சம் மலத்தைப் பூசி ஒரு திராவகச் சொட்டு விட்டால், ரத்தம் இருந்தால் நீலமாக மாறும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டாக்டர் டேவிட் கிரீகோர் 1967-ல் இந்தக் காகித அட்டைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். யார் கண்ணிலும் படாமல், தன் வீட்டில், தானே செய்துகொள்ளலாம். மின்னஸோட்டா மாநிலத்தில் 46,000 பேருக்கு மேல் சேர்த்து நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்துக்கொள்ளச் செய்த கூட்டத்தில் இந்நோயால் சாகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள் என்று 1993-ல் வெளியிட்டார்கள். இப்போது அதைவிட நுட்பமான சோதனை வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஐம்பது வயதிலிருந்து எழுபத்துநாலு வரை உள்ளவர்களுக்கு அரசாங்கமே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சிறு குப்பியைத் தபாலில் அனுப்புகிறது. ரத்தம் இருப்பதாகத் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி. அதாவது குழாய் விட்டுப் பார்ப்பது. பார்க்கிற குழாய் வழியாகவே முளையையும் அறுத்தெடுக்கிற வித்தை 1969-லேயே நியூயார்க்கில் தொடங்கிவிட்டது.

ஆக, அகப்படக்கூடிய நோய். அகப்பட வைக்கிற வழியும் இருக்கிறது. நடுவில் நிற்பது கூச்சம் ஒன்றுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன், அப்படியல்ல. 1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனுக்குப் பெருங்குடலில் இரண்டு அடி நீளத்தை வெட்டியெடுத்தார்கள். அப்போதுதான் அந்த நாட்டுப் பத்திரிகைகள் குடலின் படத்தை வெளிப்படையாகப் போட்டு விளக்கின. அவர் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். கேட்டி கூரிக் என்ற டெலிவிஷன் அம்மையாரின் கணவர் 1998-ல் நாற்பத்திரண்டு வயதில் இந்நோயால் இறந்தார். அந்த அம்மாள் 2000 மார்ச்சில் தனக்குக் குழாய் விட்டுப் பார்ப்பதை நாடே காணும்படி டெலிவிஷனில் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுச் சோதித்துக்கொள்ள வந்தவர்களின் எண்ணிக்கை கூடியதை ஆராய்ச்சியாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். இங்கிலாந்தில் டெபோரா ஜேம்ஸ் என்று ஒரு பெண்மணி; நம் தமிழையாவைப் போலவே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்தாவது வயதில் நோய் கண்டது. 2022-ல் நாற்பது வயதில் இறக்கும்வரை அவர் இதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிவந்தார். அவர் தூண்டுதலால் அந்த நாட்டில் சில கழிப்பறைக் காகிதச் சுருள்களின் உறைமேலேயே நோயின் அடையாளங்களை அச்சிடுகிறார்கள். மிகச் சரியான இடம்!

ஆனால், இவர்களைப் போல எல்லாரும் வீதியில் நின்று பேச வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சாட்விக் போஸ்மன் என்ற நடிகருக்கு 2016-ல் இந்நோய் கண்டது. அவர் வெளியே சொல்லவில்லை; வைத்தியம் செய்துகொண்டே படங்களில் நடித்தார். 2020-ல் நாற்பத்துமூன்று வயதில் அவர் இறந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அது அவருடைய உரிமை. பிறரிடம் மறைத்தார், தன்னிடம் மறைக்கவில்லை. தமிழையா தன்னிடமே மறைத்தார். இரண்டையும் நாம் ஒரே சொல்லால், ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லிவிடுகிறோம். முதலாவது அடக்கம், இரண்டாவது பொய். நாணத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருவதால் அந்தப் பொய்யை நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

திருவள்ளுவர் நாணுடைமை என்ற அதிகாரத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பாகுபாடு செய்கிறார். தகாத காரியத்துக்காக வெட்கப்படுவது ஒன்று, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்கிறார். நாணம் என்பது செய்கையைச் சேர்ந்தது என்பது அவர் கட்சி. பிறர் சொத்தை அபகரித்தவன் நாணட்டும். பொய்ச்சாட்சி சொன்னவன் நாணட்டும். குடல் செய்த தகாத காரியம் என்ன? அரசனுக்கும் ஆண்டிக்கும் ராப்பகலாக உழைப்பதைத் தவிர அது ஒரு பாவமும் அறியாதே! செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிகிற ஒரே பிராணி மனிதன்தான்.

இதற்கு ஒரு பதில் உண்டு. “என் உடம்பு, என் சாவு. தெரிந்துகொள்ளாமலிருக்க எனக்கு உரிமையில்லையா? எதற்கு இந்தச் சோதனையெல்லாம்? தலையெழுத்து இருந்தால் நடந்துவிட்டுப் போகிறது” என்பார்கள். அலட்சியமாகத் தள்ளக்கூடிய பதில் அல்ல இது. சோதனைகள் தெய்வவாக்குமல்ல. ரத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே மூலமாகத்தான் இருக்கும். சோதனை சில சமயம் வீணாகப் பயமுறுத்தும்; சில சமயம் தவறவும் விடும். நம் தேசத்தில் மேல்நாட்டைவிட இந்த நோய் குறைவு. அரசாங்கம் எல்லாருக்குமாகச் செய்கிற புற்றுநோய்ச் சோதனையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் 2021 முதல் நாற்பத்தைந்து வயதானவர்கள் எல்லாரும் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் எல்லாரும் நாளைக்கே வரிசையில் நிற்க வேண்டும் என்பதில்லை. ரத்தம் கண்டவர்கள், காரணமில்லாமல் மலங்கழிக்கிற வழக்கம் வாரக்கணக்கில் மாறிப்போனவர்கள், காரணமில்லாமல் இளைத்தவர்கள், ரத்தசோகை கண்டவர்கள் தாங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சி. அதன் முடிவு 2022-ல் வந்தது. சிலரைக் கொலோனோஸ்கோப்பிக்கு வருமாறு அழைத்தார்கள். செலவில்லை, அலைச்சலும் அதிகமில்லை. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர்! வராத ஐம்பத்தெட்டுப் பேரையும் நான் கோழைகள் என்று சொல்லத் துணியமாட்டேன். தெரிந்து, யோசித்து, வேண்டாம் என்றவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். தெரிந்துகொண்டு மறுப்பது ஒரு தீர்மானம். அதற்கு நான் தலைவணங்குகிறேன். தெரிந்துகொள்ளவே மறுப்பது எப்படித் தீர்மானமாகும்?

அதற்கும் மேலே, இது ஒருவனுடைய உடம்போடு நிற்கிற சமாசாரமாக இருந்தால் என் கேள்வி இங்கேயே முடிந்திருக்கும். அப்படி நிற்கவில்லை. தகப்பனுக்கோ தாய்க்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு வருகிற அபாயம் ஏறத்தாழ இருமடங்கு. அவர்கள் நாற்பது வயதிலேயே, அல்லது நோய் வந்தவருக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருஷம் முன்பாகவே, சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். ரத்த சம்பந்தம் என்று நாம் சொல்கிறோமே, அதில் சொத்து மட்டுமா இருக்கிறது?

தமிழையாவுக்கு ஒரு தம்பி உண்டு. வேறு ஊரில் கடை வைத்திருக்கிறார். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவருக்கு நாற்பது கடந்துவிட்டது. அண்ணனுக்குக் குடல்புண் என்றே நம்பிக்கொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்தவன். செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கை மாற்றித்தரச் சொல்லி யாரிடம் கேட்பது? இரண்டு வருஷம் பேசாமலிருந்தேன். வாக்குத் தவறாமை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது, ஒரு சங்கடமான பேச்சைத் தள்ளிப்போடுகிற சௌகரியம்தான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

அவரிடம் சொல்வதற்கு முன் நானே அந்தச் சோதனையைச் செய்துகொள்வது என்று தீர்மானித்தேன். பிறருக்கு உபதேசம் செய்கிறவன் முதலில் தான் செய்து பார்க்க வேண்டாமா? குப்பியைச் செய்தித்தாளில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதையும் துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு புஸ்தகங்களை வைத்து எடுத்துப்போனேன். திருடன்கூட இத்தனை ஜாக்கிரதையாகப் போகமாட்டான். லாபரட்டரியில் இருந்த பெண், பத்துப் பேர் நடுவில், “என்ன டெஸ்ட் சார்?” என்று உரக்கக் கேட்டாள். இருபது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு வார்த்தை வரவில்லை. “அதுதான்… இதிலே இருக்கிறது” என்றேன். அவள் பையைப் பிரித்துப் பார்த்து, கடுகு மிளகு வாங்குகிறவள் மாதிரி ஒரு சீட்டை ஒட்டி உள்ளே வைத்துவிட்டு, “அடுத்தது யாரு?” என்றாள். என்னைத் தவிர அந்த அறையில் ஒருவரும் என் குப்பியைப் பற்றி நினைக்கவில்லை. இதற்காகவா ஒரு மனிதர் உயிரை விட்டார் என்று படியிறங்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

அந்த வாரமே தம்பியைப் போய்ப் பார்த்தேன். கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு கோபம்தான் வந்தது. “அண்ணன் சொல்ல வேண்டாம் என்றதை நீங்கள் எப்படி அண்ணா சொல்லலாம்?” என்றார். நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து புறப்படும்போது வாசல்வரை வந்தவர், “எங்கப்பாவும் ஐம்பத்திரண்டில் போனார். மூலம் முற்றிப்போச்சு என்றுதான் சொன்னார்கள்” என்றார்.

அந்தத் தகப்பனாருக்கு என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது மூலமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் யாராவது சரியாகக் கேட்டு, சரியான பெயரைக் குடும்பத்துக்குச் சொல்லியிருந்தால், தமிழையாவுக்கு நாற்பது வயதில் தெரிந்திருக்குமே என்ற நினைப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அன்றைக்குத் தகப்பன் மறைத்தது, பிறகு மகன் மறைத்தது, அப்புறம் நான் மறைத்தது என்று, சபைக்காக ஏற்பட்ட ஒரு விதி மூன்று கை மாறி வந்திருக்கிறது.

நாலு மாதம் தம்பியிடமிருந்து தகவல் இல்லை. என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. பிறகு ஒரு ராத்திரி டெலிபோனில் கூப்பிட்டார். “பார்த்தாச்சு அண்ணா. இரண்டு இருந்தது. எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்றார். எது இரண்டு, எங்கே இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் புரிந்தது. இந்த அளவுக்கு இடக்கரடக்கல் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

இதை எழுதுவதும் வாக்கை மீறுவதுதான். தமிழையாவின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவரை நினைக்கும்போது நாலு பேர் அந்த இடத்தை நினைக்கக்கூடாது என்றார். நான் நினைப்பது அவருடைய ஒன்பதாம் வகுப்பைத்தான். அந்தப் பையன்களுக்கு இடக்கரடக்கல் நடத்தி முடிக்கும்போது, “இது சபைக்கு மட்டும்தானடா, வைத்தியனிடம் பச்சையாகச் சொல்லு” என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால், அவருக்கே அது ஒருவேளை நினைவுக்கு வந்திருக்கலாம். இன்றைக்கு அந்தப் பாடத்தை நடத்துகிற தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர் சார்பில் அந்த வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.